பெப்டைடு சப்ளிமென்ட் உடலில் எங்கே போய்ச் சேர்கிறது? வாங்கும் முன் ஆராய்ந்து பார்க்கும் முறை

பெப்டைடு என்ற ஒரே பெயரில் இன்று பலவிதமான பொருள்கள் விற்கப்படுகின்றன. பாலிலிருந்து பிரித்த பொடி, விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் பெற்ற கொலாஜன் என்ற புரதம், தசைக்கு வலுவூட்டும் என்று சொல்லப்படும் மாத்திரை, மருத்துவரின் சீட்டு இல்லாமலே இணையத்தில் கிடைக்கும் ஊசிக் குப்பி ஆகிய எல்லாவற்றின் மேலும் அந்தப் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது. இவை உடலுக்குள் நடந்துகொள்ளும் விதம் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டது. எனவே, பெப்டைடு நல்லதா என்று பொதுவாகக் கேட்பதில் பயன் குறைவு. கையில் இருக்கும் குறிப்பிட்ட பெப்டைடு வேலை செய்ய வேண்டிய இடம் உடலில் எது, வாய்வழியாக உட்கொண்டால் அது சிதையாமல் அந்த இடத்தை அடையுமா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகினால், பெரும்பாலான விளம்பரங்களை நாமே எடைபோட்டுவிடலாம். அந்தக் கேள்விகளை எப்படிக் கேட்பது, விடையை எங்கே தேடுவது, அதன் பிறகும் வாங்க முடிவுசெய்தால் எப்படி உட்கொண்டு பார்ப்பது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

பெப்டைடு என்பது என்ன?

அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று பிணைந்த சிறு சங்கிலியே பெப்டைடு. சங்கிலி நீண்டு, ஏறத்தாழ 50 அமினோ அமிலங்களைத் தாண்டினால் அதைப் புரதம் என்று அழைப்பது வழக்கம். உணவுப் புரதங்களிலிருந்து கிடைக்கும் உயிர்ச்செயல் பெப்டைடுகள் பெரும்பாலும் 2 முதல் 20 அமினோ அமிலங்கள் வரை கொண்டவை. ஊட்டச்சத்து என்ற அளவில் நின்றுவிடாமல் ரத்த அழுத்தம், சுண்ணாம்புச் சத்தின் உறிஞ்சுதல், நோயெதிர்ப்பு போன்ற ஏதேனும் ஒரு செயலில் தலையிடும் துண்டுக்கு மட்டுமே உயிர்ச்செயல் என்ற அடைமொழி பொருந்தும்.

இந்தத் துண்டுகள் தாம் வெட்டி எடுக்கப்படும் முழுப் புரதத்துக்குள் அடங்கியிருக்கும் வரை எந்த வேலையும் செய்வதில்லை. செரிமானத்திலோ, நுண்ணுயிர்களால் புளிக்கும்போதோ, தொழிற்சாலையில் நொதிகளைக் கொண்டு வெட்டும்போதோ அவை விடுபட்டு வெளியே வருகின்றன. பால் புரதமான கேசினிலிருந்து கிடைக்கும் பாஸ்போபெப்டைடுகள், ரிக்கெட்ஸ் என்ற எலும்பு மென்மை நோய் கண்ட குழந்தைகளின் எலும்பில், வைட்டமின் டி இல்லாமலேயே சுண்ணாம்புச் சத்து படிய உதவுகின்றன என்று ஸ்வீடனைச் சேர்ந்த மெல்லாண்டர் 1950இல் எழுதியதிலிருந்துதான் இந்தத் துறையின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம்.

வாயிலிருந்து ரத்தம் வரை

ஒரு பெப்டைடை விழுங்கியவுடன் அது சந்திக்கும் தடைகளைத் தெளிவாகப் புரிந்துகொள்வது இந்த வழிமுறை முழுவதற்கும் அடிப்படை என்பதால், இங்கே சற்று நிதானமாக நிற்க வேண்டியிருக்கிறது.

முதல் தடை இரைப்பை. அதன் கடும் அமிலமும் பெப்சின் என்ற நொதியும் நீண்ட சங்கிலிகளை வெட்டத் தொடங்குகின்றன. அடுத்துச் சிறுகுடலின் தொடக்கத்தில் கணையம் சுரக்கும் டிரிப்சின், கைமோடிரிப்சின், எலாஸ்டேஸ், கார்பாக்சிபெப்டிடேஸ் ஆகியவை சேர்ந்து அந்தத் துண்டுகளை மேலும் சிறிதாக்குகின்றன. ஒவ்வொரு நொதிக்கும் வெட்டுவதற்கு விருப்பமான இடம் ஒன்று உண்டு; டிரிப்சின் நொதி லைசின் அல்லது ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை அடுத்து வெட்டும், கைமோடிரிப்சின் நறுமண வளையம் என்ற பெரிய வளைய அமைப்பு கொண்ட அமினோ அமிலங்களை அடுத்து வெட்டும். இவற்றைத் தாண்டி வந்தாலும் குடல் சுவரின் மேற்பரப்பிலேயே பதிந்து நிற்கும் இன்னொரு நொதிக் கூட்டம் காத்திருக்கிறது. எனவே 15 அல்லது 20 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலி முழுமையாகக் குடல் சுவரை எட்டுவது அரிது.

இரண்டு அல்லது மூன்று அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட மிகச் சிறிய பெப்டைடுகளுக்கு மட்டும் ஒரு சிறப்பு வாசல் இருக்கிறது. பெப்டி-1 என்ற கடத்திப் புரதம் அவற்றைக் குடல் செல்லுக்குள் அழைத்துச் செல்கிறது. 20 வகை அமினோ அமிலங்களைக் கொண்டு 400 வகை இரட்டைப் பெப்டைடுகளும் 8000 வகை மும்மைப் பெப்டைடுகளும் அமைய முடியும். அவற்றில் பெரும்பாலானவற்றை இந்த ஒரே கடத்தி ஏற்றுக்கொள்கிறது என்பது வியப்புக்குரியது. செபலெக்சின் போன்ற நுண்ணுயிர்க் கொல்லிகளும் வாலசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தும் இதே வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைகின்றன.

ஆனால், செல்லுக்குள் நுழைந்துவிட்டது என்பதால் ரத்தத்தில் சேர்ந்துவிட்டது என்று கொள்ளக் கூடாது. செல்லின் உள்ளே இருக்கும் பெப்டிடேஸ்கள் வந்தவற்றுள் மிகப் பெரும்பங்கைத் தனித்தனி அமினோ அமிலங்களாக உடைத்துவிடுகின்றன. தப்பித்தவற்றையும், செல்களுக்கு இடையிலுள்ள இடுக்கு வழியாகக் கசிந்து வந்தவற்றையும் ரத்தத்திலுள்ள நொதிகளும் கல்லீரலும் சிறுநீரகமும் எதிர்கொள்கின்றன. பல பெப்டைடுகள் ரத்தத்தில் சில நிமிடங்களுக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை.

இந்தப் பயணத்தில் பிழைத்திருக்கும் பெப்டைடுகளில் ஒரு பொது அடையாளத்தைக் காணலாம்: அவற்றில் பெரும்பாலும் புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்கும். புரோலினின் அமைப்பு வளையமாக மடங்கியிருப்பதால், அதன் பக்கத்துப் பிணைப்பை வெட்டப் பெரும்பாலான நொதிகளால் முடிவதில்லை. ஒரு பொருளின் சங்கிலி வரிசை கொடுக்கப்பட்டிருந்தால், அது எவ்வளவு சிறியது, அதில் புரோலின் இருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

வாய்வழியாக ஒரு பெப்டைடை உள்ளே சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்குச் செமாகுளுடைடு மருந்தைவிடச் சிறந்த சான்று இல்லை. 31 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தச் சர்க்கரை நோய் மருந்தின் மாத்திரை வடிவத்துக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இரைப்பைச் சுவரில் உறிஞ்சப்பட உதவும் தனி வேதிப்பொருள் ஒன்றை மாத்திரையில் சேர்த்திருக்கிறார்கள். வெறும் வயிற்றில், 120 மில்லிலிட்டருக்கு மிகாத தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரம் வேறெதுவும் உண்ணாமல் இருக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் ரத்தத்தில் சேர்வது ஏறத்தாழ 1 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவு. ஊசியாக வாரத்துக்கு 1 மில்லிகிராம் போதுமானதாக இருந்த இடத்தில், மாத்திரையாக நாளொன்றுக்கு 14 மில்லிகிராம் வரை கொடுக்கப்படுகிறது. பெரிய பெப்டைடு ஒன்றை எந்தச் சிறப்பு ஏற்பாடும் இன்றி ஒரு சாதாரண கேப்சூலில் அடைத்து, அது மூட்டுக்கும் மூளைக்கும் போய்ச் சேரும் என்று ஒரு நிறுவனம் சொன்னால், இந்த எண்களை நினைவில் வைத்துக்கொண்டு அதைப் படிக்க வேண்டும்.

செயல்படும் இடத்தைக் கண்டறிதல்

இப்போது பொருளின் விளம்பர வாசகத்தை எடுத்துக்கொண்டு, அது சொல்லும் பயன் உடலின் எந்த இடத்தில் நிகழ வேண்டும் என்று எழுதிப் பாருங்கள்.

பயன் வாயிலோ குடலின் உட்பகுதியிலோ நிகழ வேண்டியது என்றால், உறிஞ்சப்பட வேண்டிய அவசியமே இல்லை. தடைகளில் பெரும்பகுதி அப்போது பொருட்டாகாது. கேசின் பாஸ்போபெப்டைடுகள் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு அது கரைந்த நிலையிலேயே இருக்க உதவுகின்றன. இதே பண்பைப் பயன்படுத்தி, தொடக்க நிலைப் பற்சிதைவில் எனாமல் இழந்த தாதுக்களை மீண்டும் படிய வைக்கும் பற்பசைகளும் சூயிங்கங்களும் உருவாக்கப்பட்டிருக்கின்றன. அங்கே பெப்டைடு வேலை செய்வது பல்லின் மேற்பரப்பில் என்பதால் அந்தக் கூற்று பொருத்தமாக இருக்கிறது.

குடல் சுவரில் உள்ள ஏற்பிகளை, அதாவது செய்தியை உணர்ந்து செல்லுக்குச் சொல்லும் புரதங்களைத் தொட்டு விளைவு ஏற்படுத்துபவை அடுத்த வகை. குடலில் உணவை உணரும் சிறப்புச் செல்கள் இருக்கின்றன. புரதத் துண்டுகள் அவற்றைத் தொடும்போது பசியடக்கும் ஹார்மோன்களும், இன்சுலின் சுரப்பைத் தூண்டும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனும் வெளிப்படுகின்றன. உணவுடன் வே புரதம், அதாவது பால் திரிந்த நீரிலிருந்து பெறும் புரதம், சேர்க்கும்போது, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் தணிவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த வகைக் கூற்றுகளையும் நான் ஓரளவு நம்பிக்கையுடன் அணுகுவேன். ஆனால், அதே விளைவைச் சாதாரணப் புரத உணவும் தரும் என்பதால், முன்கூட்டியே வெட்டப்பட்ட பெப்டைடுக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்குத் தனிக் காரணம் வேண்டும்.

பயன் ரத்தக் குழாயிலோ தோலிலோ மூட்டிலோ தசையிலோ மூளையிலோ நிகழ வேண்டும் என்றால், மேலே சொன்ன பயணம் முழுவதையும் அந்தப் பெப்டைடு கடந்தாக வேண்டும். அதற்கு மனித ரத்தத்தில் அளந்து காட்டிய சான்று உண்டா என்று தேட வேண்டும். சோதனைக் குழாயில் செல்களின் மேல் நேரடியாக ஊற்றிப் பார்த்த ஆய்வு இந்தக் கேள்விக்கு விடையாகாது. எலிக்கு ஊசியாகச் செலுத்திய ஆய்வும் ஆகாது.

ரத்த அழுத்தப் பெப்டைடுகள்

ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று சொல்லப்படும் பெப்டைடுகள், சான்றை எடைபோடும் முறைக்கு நல்ல பயிற்சி தரும். உடலில் ஆஞ்சியோடென்சின் மாற்று நொதி, அதாவது ஏசிஇ, 10 அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின்-1 என்ற பெப்டைடை வெட்டி, 8 அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின்-2 ஆக்குகிறது. பிந்தையது ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்துகிறது. இந்த நொதியைத் தடுத்தால் அழுத்தம் குறையும். பிரேசிலைச் சேர்ந்த செர்ஜியோ ஃபெரேரா ஒரு விரியன் பாம்பின் நஞ்சில் கண்டறிந்து 1965இல் வெளியிட்ட பெப்டைடுகளிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சிதான், 1981இல் அனுமதி பெற்ற கேப்டோபிரில் மருந்தில் போய் முடிந்தது. அந்த நொதியைப் பெப்டைடால் தடுக்க முடியும் என்பதில் ஐயமே இல்லை.

லேக்டோபேசில்லஸ் ஹெல்வெட்டிகஸ் என்ற நுண்ணுயிரால் புளிக்க வைத்த பாலில், வாலின்–புரோலின்–புரோலின், ஐசோலூசின்–புரோலின்–புரோலின் என்ற இரண்டு மும்மைப் பெப்டைடுகள் இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995இல் காட்டினார்கள். மூன்றே அமினோ அமிலங்கள், அவற்றில் இரண்டு புரோலின். நாம் பார்த்த அளவுகோலின்படி பிழைத்திருக்க இதைவிடத் தகுதியான அமைப்பு வேண்டியதில்லை. மனித ரத்தத்திலும் அவை முழு வடிவில் கண்டறியப்பட்டன. சிக்கல் அளவில் இருக்கிறது: சோதனைக் குழாயில் நொதியைப் பாதியாகத் தடுக்க மைக்ரோமோல் அளவு வேண்டும், ரத்தத்தில் காணப்பட்டது நேனோமோல் அளவு, அதாவது தேவையானதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளின் முடிவும் இதற்கேற்பக் கலவையாகவே இருக்கிறது. ஜப்பானில் நடந்தவற்றில் மேல் அழுத்தம் சில அலகுகள் குறைந்தது. ஐரோப்பாவில் நடந்தவற்றில் குறைவு மிகச் சிறியதாகவோ இல்லாமலோ இருந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், இந்தப் பெப்டைடுகளுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று முடிவு கூறியது.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதியைப் பெறலாம். ஒரு பெப்டைடு ரத்தத்தில் காணப்பட்டது என்று படித்தால், எவ்வளவு காணப்பட்டது, வேலை செய்ய எவ்வளவு வேண்டும் என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உயர் ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் அதை நிறுத்திவிட்டு இவற்றை நம்புவது ஆபத்தானது என்பதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

கொலாஜன்

மிக அதிகமாக விற்பனையாகும் பெப்டைடு இதுதான் என்பதால், இதைப் பற்றிய தவறான எண்ணங்களும் அதிகம். இடிந்த சுவருக்குச் செங்கல் கொண்டுவந்து அடுக்குவதுபோல், உண்ட கொலாஜன் நேராகத் தோலிலும் மூட்டிலும் போய் உட்காரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடக்க வழியில்லை. கொலாஜனுக்கே உரிய ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலத்தை உடல் உணவிலிருந்து எடுத்துப் புதிய கொலாஜனில் கோப்பதில்லை. முதலில் புரோலினைக் கோத்துச் சங்கிலி செய்து, பிறகு அந்த இடத்திலேயே அதை ஹைட்ராக்சிபுரோலினாக மாற்றுகிறது. அந்த மாற்றத்துக்கு வைட்டமின் சி கட்டாயம் வேண்டும். வைட்டமின் சி முற்றிலும் இல்லாதவர்களுக்கு ஸ்கர்வி நோய் வந்து ஈறுகளில் ரத்தம் கசிவதற்கும் பழைய காயங்கள் பிளப்பதற்கும் காரணம் இந்தப் படி நின்றுபோவதுதான்.

அப்படியானால் கொலாஜன் பெப்டைடு முற்றிலும் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. புரோலின்–ஹைட்ராக்சிபுரோலின் என்ற இரட்டைப் பெப்டைடு, ஹைட்ரோலைசேட், அதாவது நொதியால் வெட்டிச் சிறிதாக்கிய கொலாஜன், உண்டவர்களின் ரத்தத்தில் முழு வடிவில், அளக்கத்தக்க அளவில், சில மணி நேரம் இருப்பதை 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். வேறு பெப்டைடுகளோடு ஒப்பிட்டால் இது வியக்கத்தக்க அளவு. ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் இந்தத் துண்டு, தோலின் நார்ச்செல்களைப் பெருகத் தூண்டுவதும் காணப்பட்டிருக்கிறது. கொலாஜன் சிதைந்தால் வெளிவரும் துண்டு ரத்தத்தில் சுற்றும்போது, எங்கோ சேதம் ஏற்பட்டிருக்கிறது, பழுது பார் என்ற செய்தியாகச் செல்கள் அதை எடுத்துக்கொள்ளக்கூடும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். கட்டுமானப் பொருள் என்ற விளக்கத்தைவிட இது நம்பத்தகுந்தது. ஆனாலும் மனித உடலில் இது முழுமையாக நிறுவப்படவில்லை.

தோலின் ஈரப்பதமும் மீள்தன்மையும் கூடியதாகச் சொல்லும் ஆய்வுகளில், நாளொன்றுக்கு 2.5 முதல் 10 கிராம் வரை, 8 முதல் 12 வாரங்கள் கொடுத்திருக்கிறார்கள். அவற்றில் பலவற்றுக்குப் பணம் கொடுத்தவர்கள் அந்தப் பொருளைத் தயாரிப்பவர்களே. மூட்டுக்கும் தோலுக்கும் பயன் தரும் என்ற கூற்றுகளை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆராய்ந்து, போதிய சான்று இல்லை என்று கூறியிருக்கிறது. தசைநாண் பற்றி 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வைட்டமின் சி சேர்த்த 15 கிராம் ஜெலட்டினை, அதாவது வேகவைத்துப் பெற்ற கொலாஜனை, உடற்பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு உண்டபோது, ரத்தத்தில் கொலாஜன் உருவாக்கத்தைக் காட்டும் குறியீடு இரு மடங்கானது. பங்கேற்றவர்கள் 8 பேர் மட்டுமே என்பதையும், குறியீடு உயர்வதும் காயம் ஆறுவதும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது.

என் கருத்தில், கொலாஜனை முயன்று பார்க்க விரும்பும் ஆரோக்கியமான ஒருவருக்கு அதனால் பெரிய தீங்கு இல்லை. எதிர்பார்ப்பை மட்டும் சிறிதாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. கொலாஜனில் டிரிப்டோபேன் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் இல்லை. எனவே அதை அன்றாடப் புரதத் தேவைக்கு ஈடாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தசை வளர்ச்சிக்காக வே புரதத்தை விட்டுவிட்டுக் கொலாஜனுக்கு மாறுவது பின்னடைவாகவே முடியும்.

பெப்டைடைவிட அதன் மூலப்பொருள் மேலாகும் இடம்

தசைகளில் அமிலத் தேக்கத்தைத் தாங்கிக்கொள்ள உதவும் கார்னோசின் என்பது பீட்டா-அலனின், ஹிஸ்டிடின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் சேர்ந்த பெப்டைடு. அதை மாத்திரையாக விழுங்கினால் மனித ரத்தத்தில் உள்ள கார்னோசினேஸ் என்ற நொதி விரைவில் உடைத்துவிடும். ஆனால் பீட்டா-அலனினைத் தனியாக நாளொன்றுக்கு 3.2 முதல் 6.4 கிராம் வரை சில வாரங்கள் எடுத்தால், தசையே கார்னோசினைச் சேர்த்துக்கொள்கிறது. ஒன்று முதல் நான்கு நிமிடம் வரை நீடிக்கும் கடும் உடற்பயிற்சியில் அதன் பயன் தெரிகிறது. ஒரே வேளையில் அதிகமாக எடுத்தால் முகத்திலும் கைகளிலும் ஊசி குத்துவதுபோன்ற கூச்சம் ஏற்படும். சிறு அளவுகளாகப் பிரித்து எடுத்தால் அது தணியும். குளுட்டாதயோன் என்ற மும்மைப் பெப்டைடும் குடலிலேயே பெரிதும் சிதைகிறது. எனவே, உடலே செய்துகொள்ளும் பெப்டைடு ஒன்றை வாங்கும் முன், அதைச் செய்யத் தேவையான மூலப்பொருளைக் கொடுப்பது எளிதா என்று விசாரித்துப் பார்ப்பது நல்லது.

லேபிளைப் படித்தல்

லேபிளில் முதலில் தேட வேண்டியது, எந்த மூலத்திலிருந்து பெறப்பட்டது என்ற விவரம்: பால், முட்டை, மீன், மாடு, சோயா. அடுத்தது, ஒரு வேளைக்கு எத்தனை கிராம் அல்லது மில்லிகிராம் என்பது. பல பொருள்களைக் கலந்து தனியுரிமைக் கலவை என்று ஒரே எடையை மட்டும் போட்டிருந்தால், பயன் காட்டிய ஆய்வில் கொடுத்த அளவு இதில் இருக்கிறதா என்று சரிபார்க்க வழியே இல்லை. அத்தகைய பொருளை நான் வாங்க மாட்டேன். ஆய்வில் 10 கிராம் கொடுத்திருக்க, கேப்சூலில் 500 மில்லிகிராம் இருந்தால், 20 கேப்சூல் விழுங்கினால்தான் அந்த ஆய்வு பொருந்தும் என்பதை மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

டால்டன் என்ற அலகில் மூலக்கூறு எடை கொடுக்கப்பட்டிருந்தால் அது மிகவும் பயனுள்ள தகவல். ஓர் அமினோ அமிலத்துக்குச் சராசரியாக 110 டால்டன் என்று கொண்டு வகுத்துப் பாருங்கள். 2000 டால்டன் என்றால் ஏறத்தாழ 18 அமினோ அமிலங்கள். 5000 என்றால் 45. எனவே, கொலாஜன் பொடிகளில் வழக்கமாகக் காணப்படும் 2000 முதல் 6000 டால்டன் என்ற எடை, அப்படியே உறிஞ்சப்படும் அளவன்று; குடல் அதை மேலும் வெட்டியே ஆக வேண்டும். குறைந்த மூலக்கூறு எடை என்பதால் நேரடியாகச் செல்களுக்குள் நுழையும் என்று அதே அட்டையில் எழுதியிருந்தால், அது பொருந்தாத கூற்று என்பதை உடனே கண்டுகொள்ளலாம்.

புரத அளவைப் பொதுவாக நைட்ரஜனை அளந்து கணக்கிடுகிறார்கள். விலை குறைந்த கிளைசினைக் கலந்தாலும் அந்த எண் உயர்ந்துவிடும் என்பதால், அமினோ அமிலங்களின் முழுப் பட்டியல் கொடுக்கும் பொருளுக்கு முன்னுரிமை கொடுங்கள். கன உலோகங்களும் தடைசெய்யப்பட்ட மருந்துகளும் கலந்திருக்கவில்லை என்று தயாரிப்பாளரைச் சாராத ஓர் ஆய்வகம் சான்று அளித்திருப்பது நல்லது. போட்டிகளில் பங்கேற்கும் விளையாட்டு வீரர்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன். ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியையும் சோதிக்கும் இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட் போன்ற திட்டங்கள் இதற்காகவே இருக்கின்றன.

கசப்பைக் கண்டு அஞ்ச வேண்டாம். புரதத்தை வெட்டும்போது நீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள் வெளியே தெரிவதால், ஹைட்ரோலைசேட்டுகள் இயல்பாகவே கசக்கும். அதை மறைக்கச் சேர்த்த சர்க்கரையும் சுவையூட்டிகளும் எவ்வளவு என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

உட்கொண்டு பார்க்கும் முறை

வாங்குவது என்று முடிவுசெய்த பிறகு, எந்த மாற்றத்தை எதிர்பார்க்கிறோம் என்பதையும் அதை எப்படி அளப்போம் என்பதையும் முதல் வேளைக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மூட்டு வலி என்றால், தினமும் ஒரே நேரத்தில், படிக்கட்டு ஏறுவது போன்ற ஒரே செயலின்போது, வலியை 0 முதல் 10 வரையிலான எண்ணால் குறிக்கலாம். ரத்த அழுத்தம் என்றால், 5 நிமிடம் அமைதியாக அமர்ந்த பிறகு, கை இதயத்தின் மட்டத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அளவீடுகள், காலையும் மாலையும், 7 நாட்கள் எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பார்க்க வேண்டும். ஒரே ஓர் அளவீட்டை நம்புவது நம்மையே ஏமாற்றும். அழுத்தம் ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்கும் இயல்புடையது.

எதையும் உட்கொள்ளாமல் இரண்டு வாரம் குறித்து வைத்தால், ஒப்பிட ஓர் அடிப்படை கிடைக்கும். பிறகு ஒரு பொருளை மட்டும் தொடங்க வேண்டும். அதே வாரத்தில் புதிய உடற்பயிற்சி, புதிய உணவு முறை, இன்னொரு மாத்திரை என்று எல்லாவற்றையும் தொடங்கினால் எது எதனால் என்று பிரித்தறிய முடியாது. தோலுக்கும் மூட்டுக்கும் 12 வாரம் போதுமான காலம். அதன் முடிவிலும் குறிப்பேட்டில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடலாம். வித்தியாசம் தெரிந்தால், ஒரு மாதம் நிறுத்திப் பார்த்து, பயன் மறைகிறதா என்று கவனிப்பதும் நல்ல சோதனை.

எந்த நேரத்தில் எடுப்பது என்பதைப் பற்றிய விவாதம் தேவைக்கு மேல் நடக்கிறது. ஏற்கெனவே வெட்டப்பட்ட கொலாஜன் பொடியைச் சூடான பானத்தில் கலந்தாலும் கெடாது. பொடிகள் ஈரத்தை எளிதில் இழுத்துக்கொள்ளும் என்பதால் உலர்ந்த கரண்டியைப் பயன்படுத்தி, மூடியை இறுக்கி வைக்க வேண்டும்.

மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாதவர்கள்

பால், மீன், முட்டை, சோயா ஒவ்வாமை உள்ளவர்கள், வெட்டப்பட்ட புரதம்தானே என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வாமையைத் தூண்டும் துண்டுகள் மிஞ்சியிருக்கலாம். ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கென்று தனியாகச் சோதித்துத் தயாரிக்கப்படும் பால் பொடிகளின் பாதுகாப்பைக் கடையில் விற்கும் சாதாரண ஹைட்ரோலைசேட்டிடம் எதிர்பார்க்க முடியாது. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்குக் கூடுதல் புரதமே சுமையாகலாம். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குக் கொலாஜன் தனிக் கவனத்துக்குரியது: ஹைட்ராக்சிபுரோலின் உடலில் சிதையும்போது ஆக்சலேட் உண்டாகிறது, பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. பீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடலால் சிதைக்க முடியாத பீனைல்கீட்டோனூரியா என்ற பரம்பரை நோய் உள்ளவர்கள், அது கொண்ட எந்த ஹைட்ரோலைசேட்டையும் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரை நோய்க்கோ மருந்து எடுப்பவர்கள் ஆகியோரும் முதலில் கேட்டுவிடுவதே முறை.

ஊசிக் குப்பிகள்

பிபிசி-157, டிபி-500 போன்ற பெயர்களில் இணையத்தில் கிடைக்கும் குப்பிகளைச் சப்ளிமென்ட் என்று கருதவே கூடாது. ஊசி, குடலின் தடைகள் எல்லாவற்றையும் தாண்டிச் செல்கிறது. அதனால்தான் அதற்கு ஆற்றல் அதிகம், அதே காரணத்தால் ஆபத்தும் அதிகம். பிபிசி-157 என்பது 15 அமினோ அமிலங்கள் கொண்ட செயற்கைப் பெப்டைடு. அதன் பெருமைகளாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் எலிகளில் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தவை. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் மிகச் சில. உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை 2022 முதல் அதைத் தடைசெய்திருக்கிறது. ஆராய்ச்சிக்கு மட்டும் என்று குப்பியின் மேல் எழுதியிருப்பதன் பொருள், அது மனிதர்களுக்குச் செலுத்தும் தரத்தில் தயாரிக்கப்பட்டது என்று எவரும் பொறுப்பேற்கவில்லை என்பதே. தூய்மை, நுண்ணுயிர் நச்சு, உண்மையான அளவு ஆகிய மூன்றையும் வீட்டில் சோதிக்க வழியில்லை. ஏற்கெனவே செலுத்திக்கொண்டு, ஊசி போட்ட இடத்தில் சிவப்போ வீக்கமோ, காய்ச்சலோ, படபடப்போ கண்டவர்கள், கூச்சப்பட்டு மறைக்காமல், மீதமுள்ள குப்பியையும் அதன் உறையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எதை, எவ்வளவு, எப்போது செலுத்தினீர்கள் என்ற விவரம் சிகிச்சையைத் தீர்மானிக்க உதவும். மூச்சுத் திணறலோ முகத்திலும் நாக்கிலும் வீக்கமோ ஏற்பட்டால், குப்பியைத் தேடிக்கொண்டிருக்காமல் அவசர உதவியை அழைக்க வேண்டும்.